சிங்கப்பூர்ல ஜோடியா சுத்தி சுத்தி சாப்பிடுறது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூர் போறோம்னு வாய தொறந்தா போதும், சென்டோசா போங்க, யுனிவர்சல் போங்க, மெரினா பே சாண்ட்ஸ் மேல ஏறி போட்டோ எடுங்கன்னு ஆளாளுக்கு லிஸ்ட் குடுப்பாங்க. அதெல்லாம் போங்க, வேணாங்கல. ஆனா ரெண்டு பேருமே சாப்பாட்டு ஆளுங்கன்னா இந்த ஊர்ல முதல்ல பாக்க வேண்டியது ஹாக்கர் சென்டர்தான். ஊர் முழுக்க 110க்கும் மேல இருக்கு. ரோட்டோரமா தள்ளுவண்டில வித்துட்டு இருந்தவங்கள எல்லாம் 1960கள் கடைசில ஆரம்பிச்சு 80கள் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா ஒரே கூரைக்கு கீழ கொண்டு வந்து, தண்ணி, கழிவுநீர் வசதி எல்லாம் செஞ்சு குடுத்து அரசாங்கம் உக்கார வெச்ச இடங்க இது. 2020 டிசம்பர்ல யுனெஸ்கோவே இத பண்பாட்டு மரபுன்னு பட்டியல்ல சேத்துடுச்சு.

ஒரு கடைக்காரர் ஒரே ஒரு ஐட்டத்த, இல்லன்னா ரெண்டு மூணு ஐட்டத்த மட்டும் வருஷக்கணக்கா செஞ்சுட்டு இருப்பார். ஒரு தட்டு பெரும்பாலும் 4ல இருந்து 8 சிங்கப்பூர் டாலருக்குள்ள முடிஞ்சிரும். தனியா போனா ரெண்டு தட்டுலயே வயிறு ரொம்பிரும், பத்து பேரா போனா டேபிள் தேடியே நேரம் போயிரும். ரெண்டு பேர்னா ஒரு தட்டு வாங்கி பாதி பாதி, அப்புறம் அடுத்த கடை, அப்புறம் அதுக்கு அடுத்த கடை. ரெண்டு பேருக்குன்னே அளவெடுத்து தச்ச சட்டை மாதிரி இருக்கும் இந்த அமைப்பு. கீழ சொல்லியிருக்குறது எல்லாமே இந்த ஒரு விஷயத்த சுத்தித்தான்: ஒரு தட்டு, ரெண்டு ஸ்பூன்.

ஸ்டெப் 1: டிக்கெட் போட்ட கையோட பேசி முடிக்க வேண்டியது

யாருக்கு என்ன ஆகாதுன்னு முதல்லயே தெளிவா பேசிருங்க. பன்றி வேணாம், பீஃப் வேணாம், இறால் அலர்ஜி, முட்டை மட்டும் ஓகே, எதுவா இருந்தாலும் சரி. இறால் விஷயம் ரொம்ப முக்கியம், ஏன்னா இந்த ஊர் சமையல்ல காஞ்ச இறாலும் பெலாச்சான்னு சொல்ற இறால் விழுதும் கண்ணுக்கே தெரியாம பாதி ஐட்டத்துக்குள்ள இருக்கும். ஹலால் பாக்குறவங்களுக்கு கஷ்டமே இல்ல, மூயிஸ்ங்கற சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தோட ஹலால் சான்றிதழ் கடையிலயே மாட்டியிருக்கும், அத பாத்துட்டு வாங்கலாம்.

அடுத்து, ஆளுக்கு மூணு ஐட்டம் எழுதுங்க. "இத சாப்பிடாம ஊருக்கு திரும்ப மாட்டேன்"ங்கற லெவல்ல இருக்கணும். அந்த ஆறும் கண்டிப்பா நடக்கணும், மத்தவரோட மூணுக்கு யாரும் மூஞ்சிய தூக்கக் கூடாது. மத்ததெல்லாம் போற வழில கிடைச்சா சாப்பிடலாம், கிடைக்கலன்னா போகட்டும். நாப்பது கடை லிஸ்ட்ட போன்ல வெச்சுக்கிட்டு ஒண்ணொண்ணா டிக் அடிச்சுட்டே போற ஜோடிங்கள பாத்திருக்கேன், ரெண்டாவது நாள் சாயங்காலம் ரெண்டு பேரும் பேசிக்கறதே இருக்காது.

பசி டைமிங்கும் ஒரு விஷயம். ஒருத்தருக்கு எட்டு மணிக்கு வயித்துக்குள்ள அலாரம் அடிக்கும், இன்னொருத்தருக்கு பதினோரு மணி வரைக்கும் காபி மட்டும் போதும். இத ஒத்துக்கிட்டு காலைல சின்னதா ஒண்ணு, பதினொன்றரைக்கு கொஞ்சம் கனமா ஒண்ணு, மூணு மணிக்கு ஜில்லுன்னு ஒண்ணு, ராத்திரி சாப்பாடுன்னு நாலா பிரிச்சுட்டா யாரும் யாருக்காகவும் பசில காஞ்சு கிடக்க வேண்டியதில்ல.

ஸ்டெப் 2: ரூம் எங்க எடுக்கறது

சைனாடவுன், புகிஸ், லிட்டில் இந்தியா, லாவெண்டர், இந்த நாலு ஏரியால எங்க எடுத்தாலும் சரி, எம்ஆர்டின்னு சொல்ற மெட்ரோ ரயில் ஸ்டேஷனுக்கு நடந்து போற தூரத்துல இருக்கணும், அவ்வளவுதான். ஹோட்டல்ல பிரேக்ஃபாஸ்ட் சேத்து புக் பண்ணாதீங்க. காசு குடுத்துட்டோமேன்னு பஃபேல போய் தட்ட நிரப்பிட்டு வந்தா அன்னிக்கு மதியம் வரைக்கும் வயிறு உங்க பேச்ச கேக்காது.

ஸ்டெப் 3: காசும் பயணமும்

ஹாக்கர் கடைகள்ல உள்ளூர் ஆளுங்க க்யூஆர் ஸ்கேன் பண்ணி போயிட்டே இருப்பாங்க, ஆனா நம்ம வெளிநாட்டு கார்ட நிறைய கடைல எடுக்க மாட்டாங்க. அதனால கேஷ் வெச்சுக்கோங்க, அதுவும் 2, 5, 10 டாலர் நோட்டா. அஞ்சு டாலர் சாப்பாட்டுக்கு நூறு டாலர் நோட்ட நீட்டினா பின்னாடி நிக்குற லைன் மொத்தமும் உங்களயே பாக்கும்.

எம்ஆர்டிக்கும் பஸ்ஸுக்கும் கான்டாக்ட்லெஸ் விசா, மாஸ்டர்கார்டே கேட்ல தட்டலாம், தனி டிக்கெட் தேவையில்ல. ஆளுக்கு ஒரு கார்ட் வேணும், ஒரே கார்ட்ல ரெண்டு பேர் போக முடியாது. ஒண்ண மறக்காதீங்க: ட்ரெயின்லயும் ஸ்டேஷனுக்குள்ளயும் சாப்பிடவும் கூடாது, குடிக்கவும் கூடாது, 500 டாலர் வரைக்கும் அபராதம்னு போர்டே இருக்கும். பாதி குடிச்ச கரும்பு ஜூஸ கைல வெச்சுக்கிட்டு உறிஞ்சிட்டே இறங்காதீங்க, வெளிலயே முடிச்சுட்டு போங்க.

ஸ்டெப் 4: ஹாக்கர் சென்டருக்குள்ள எப்படி நடந்துக்கணும்

இத புரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா வந்துரும், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

உள்ள நுழைஞ்சதும் முதல் வேல டேபிள் பிடிக்கறது, சாப்பாடு அப்புறம்தான். ஆளில்லாத டேபிள்ல ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தா அது யாரோ மறந்து வெச்சுட்டு போனது இல்ல, அந்த டேபிள் புக் ஆயிடுச்சுன்னு அர்த்தம். குடை, ஆபீஸ் ஐடி கார்டு எல்லாம் கூட வெப்பாங்க. இப்படி இடம் பிடிக்கறதுக்கு "சோப்" (chope)னு சொல்லுவாங்க. நீங்களும் வைக்கலாம், போன வெச்சுட்டு மட்டும் போயிராதீங்க. டிஷ்யூவ பாக்கெட் பாக்கெட்டா வாங்கி பைல போட்டுக்கோங்க, பெரும்பாலான கடைல தர மாட்டாங்க, காரத்துல மூக்கு ஒழுகும்போதுதான் அருமை தெரியும்.

ஜோடிக்கு நல்லா செட் ஆகுற முறை என்னன்னா, ஒருத்தர் டேபிள்ல உக்காரணும், ஒருத்தர் லைன்ல நிக்கணும், அடுத்த ரவுண்ட்ல ஆள் மாறணும். உக்காந்திருக்குறவர் சும்மா ரீல்ஸ் பாத்துட்டு இருக்கக் கூடாது. பக்கத்து டேபிள்ல எல்லாரும் என்ன சாப்பிடுறாங்க, எந்த தட்டு காலியாகி போகுது, எது பாதில கிடக்குதுன்னு நோட்டம் விடணும். "ஏங்க, அந்த கடைசி கடைல வயசான அம்மா ஒருத்தங்க வாணலில என்னமோ வறுக்கறாங்க பாருங்க, இந்த டேபிள்ல மூணு பேரும் அததான் சாப்பிடுறாங்க"ன்னு வர்ற தகவல் எந்த ரிவ்யூவ விடவும் உருப்படியா இருக்கும்.

ஆர்டர் பண்ணும்போது கடைக்காரங்கள அங்கிள், ஆன்ட்டின்னே கூப்பிடலாம், ஊரே அப்படித்தான் கூப்பிடுது. லைன்ல நிக்கும்போதே முடிவு பண்ணி வெச்சுக்கோங்க: என்ன ஐட்டம், சின்னதா பெருசா, மிளகா வேணுமா வேணாமா, இங்கயா பார்சலா. உங்க முறை வந்ததுக்கு அப்புறம் தலைய தூக்கி மெனு படிச்சா ஆன்ட்டிக்கு பொறுமை இருக்காது. கோபமா பேசுற மாதிரிதான் தோணும், கோபம் எல்லாம் இல்ல, வேகம். எப்பவும் சின்ன சைஸே சொல்லுங்க. நல்லா இருந்தா இன்னொண்ணு வாங்கிக்கலாம், பெருச வாங்கிட்டு தீக்க முடியாம உக்காந்திருக்குறதுக்கு இது மேல். பார்சல்னா டப்பாக்கு தனியா கொஞ்சம் சில்லற கேப்பாங்க.

ஒரு கடைல வாங்கின சாப்பாட்ட எந்த டேபிள்ல வேணா உக்காந்து சாப்பிடலாம். குடிக்கற தண்ணி சும்மா டேபிள்ல இருக்காது, வாங்கணும். ஆனா சிங்கப்பூர் குழாய் தண்ணிய அப்படியே குடிக்கலாம், ரூம்லயே பாட்டில்ல பிடிச்சுட்டு வந்துருங்க. அந்த புழுக்கத்துல ரெண்டு பேருக்கும் நிறைய தண்ணி ஆகும், பெரும்பாலான சென்டர்ல ஏசி கிடையாது, ஃபேன்தான். காட்டன் சட்ட போட்டுட்டு போங்க, போட்டோக்காக முழுக்கை எல்லாம் வேணாம்.

சாப்பிட்டு முடிச்சதும் தட்டு, ட்ரே எல்லாத்தையும் நீங்களே எடுத்து ட்ரே வைக்கிற ரேக்ல வைக்கணும். 2021ல இருந்து இதுக்கு சட்டமே இருக்கு, முதல் தடவ எச்சரிக்கை, அதுக்கு அப்புறமும் பண்ணலன்னா 300 டாலர் அபராதம். ரேக்குலயும் ஹலால் தட்டுக்கு ஒரு பக்கம், மத்த தட்டுக்கு வேற பக்கம்னு பிரிச்சு எழுதியிருக்கும். அத பாத்து வைங்க, மாத்தி வெச்சா அந்த கடைக்காரங்களுக்கு பெரிய தொந்தரவு.

லைன் நீளமா இருந்தா நல்ல கடைன்னு எல்லாரும் சொல்லுவாங்க. பாதி உண்மை. லைன்ல யாரு நிக்கிறாங்கன்னு பாருங்க. கழுத்துல ஆபீஸ் டேக், கைல நாலு பேருக்கு பார்சல் லிஸ்ட், காய்கறி பையோட பாட்டி, இவங்கல்லாம் நின்னா தைரியமா நில்லுங்க. மொத்த லைனும் கேமராவும் தொப்பியுமா இருந்தா பக்கத்து கடைல வாங்கிட்டு போங்க. 2016ல, நல்ல உணவகங்களுக்கு ஸ்டார் குடுக்குற மிஷலின் கைடு முதல் முறையா சிங்கப்பூருக்கு வந்தப்ப ரெண்டு ஹாக்கர் கடைக்கு ஸ்டார் குடுத்தாங்க. அதுல ஒண்ணான சோயா சாஸ் கோழி கடைக்கு உலகமே வந்து நின்னுச்சு, 2021ல அந்த ஸ்டார் போயிடுச்சு. ஸ்டார் வர்றதுக்கு முன்னாடியும் அந்த கோழி நல்ல கோழிதான். ஸ்டார் வேற, உங்க நாக்கு வேற. அரை மணி நேரத்துக்கு மேல நிக்கணும்னா நான் நிக்கவே மாட்டேன், அந்த நேரத்துல வேற ரெண்டு தட்டு சாப்பிட்டிருக்கலாம்.

ஸ்டெப் 5: காலைல காயா டோஸ்ட்

முதல் நாள் காலை இதுலயே ஆரம்பிங்க. கிலினி கோப்பிடியாம் 1919ல இருந்து இருக்கு, யா குன் 1944ல இருந்து. காயா டோஸ்ட்டுக்கு பேர் போன இந்த ரெண்டு காபி கடைக்கும் ஊர் முழுக்க கிளை இருக்கு, ஆனா எந்த ஹாக்கர் சென்டர் காபி கடைலயும் இந்த செட் கிடைக்கும். தேங்காப்பால், முட்டை, சர்க்கரை, வாசனைக்கு பாண்டான் இலை சேத்து கிண்டின ஜாம்தான் காயா. அத மொறுமொறுன்னு சுட்ட ரொட்டில தடவி, நடுவுல ஜில்லுன்னு ஒரு துண்டு வெண்ணெய்ய கட்டியாவே வெச்சு குடுப்பாங்க. சூட்டுல வெண்ணெய் பாதி உருகி பாதி உருகாம இருக்கும்போதே கடிச்சிரணும், ஆற விட்டா போச்சு.

கூடவே ரெண்டு அரைவேக்காட்டு முட்டை வரும். இத பாத்து நிறைய பேர் முழிப்பாங்க. சாசர்ல உடைச்சு ஊத்துங்க, வெள்ளை கரு தளதளன்னு பாதி வெந்தும் வேகாமலும்தான் இருக்கும், அப்படித்தான் இருக்கணும். மேல கருப்பு சோயா சாஸ் ரெண்டு சுத்து, வெள்ளை மிளகுத்தூள் தாராளமா, ஸ்பூனால ஒரு கலக்கு, அதுல ரொட்டிய முக்கி சாப்பிடுங்க. ஜோடில ஒருத்தருக்கு இது பிடிக்காமதான் போகும், பரவால்ல, ரெண்டு முட்டையும் மத்தவருக்கு லாபம்.

காபி சொல்றதுக்கு ஒரு சின்ன பாடம். சும்மா கோப்பின்னு கேட்டா கண்டென்ஸ்டு மில்க் ஊத்தி நல்ல இனிப்பா வரும். கோப்பி ஓன்னா பால் இல்லாம சர்க்கரையோட. கோப்பி சின்னா எவாபரேட்டட் பாலும் சர்க்கரையும். கூட சியூ தாய்னு சேத்தா சர்க்கரை கம்மி, கோசோங்னா சர்க்கரையே கிடையாது, காவ்னா ஸ்ட்ராங், பெங்னா ஐஸ் போட்டது. டீக்கும் இதே வால்தான். சர்க்கரை இருக்குறவங்க "கோப்பி ஓ கோசோங்"குன்னு மட்டும் மனப்பாடம் பண்ணிக்கோங்க.

ஸ்டெப் 6: எந்த நாள் எந்த பக்கம்

ஒரு நாளுக்கு ஒரு பக்கம்னு வெச்சுக்கோங்க. காலைல கிழக்கு, மதியம் மேற்குன்னு அலைஞ்சா பசி வர்றதுக்கு பதிலா அலுப்புதான் வரும். சாப்பாட்டுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவுல நடக்கணும், நடந்தாதான் அடுத்த தட்டுக்கு இடம் கிடைக்கும்.

சைனாடவுன் பக்கம் ஒரு நாள். மேக்ஸ்வெல் ஃபுட் சென்டர் வாசல்லயே இப்ப எம்ஆர்டி ஸ்டேஷன் வந்துடுச்சு. பதினொன்னு, பதினொன்றரைக்குள்ள போயிருங்க, பன்னெண்டுல இருந்து ஒன்றரை வரைக்கும் சுத்தி இருக்குற ஆபீஸ் எல்லாம் இங்கதான் இறங்கும். ஹைனான் சிக்கன் ரைஸ் இங்க சாப்பிடலாம். பாக்க ஒண்ணுமே இல்லாத தட்டு அது, வெளுத்து போன கோழி, வெறும் சோறு, ரெண்டு வெள்ளரிக்கா துண்டு. சோற வாய்ல வெச்சாதான் விஷயம் தெரியும், கோழி கொழுப்புலயும் பூண்டு இஞ்சியிலயும் வதக்கி கோழி வெந்த தண்ணியிலயே வெந்த அரிசி. கோழிய கூட மத்தவருக்கு விட்டுக்குடுக்கலாம், சோற விட்டுக்குடுக்காதீங்க. கொஞ்சம் தள்ளி சைனாடவுன் காம்ப்ளெக்ஸ் மேல் மாடில இருக்குறதுதான் ஊர்லயே பெரிய ஹாக்கர் சென்டர். வழி தப்புறதுக்குன்னே கட்டின மாதிரி இருக்கும், மதிய வெயில்ல அங்க ஒரு சுத்து சுத்தி கரும்பு ஜூஸ் குடிச்சுட்டு ரூமுக்கு போய் தூங்குங்க.

ராத்திரி லாவ் பா சாட். 1894ல எழுப்பின எட்டுமூலை இரும்பு மண்டபம், கிளாஸ்கோல வார்த்து கொண்டு வந்த இரும்பு. உள்ள சாப்பிடுறத விட பக்கத்துல பூன் டாட் தெருவுல சாப்பிடுறதுதான் விசேஷம், சாயங்காலம் ஏழு மணி வாக்குல அந்த ரோட்ட அடைச்சு டேபிள் போட்டு குச்சில குத்தின கறிய, அதாவது சாத்தேவ, கரி அடுப்புல சுட ஆரம்பிச்சிருவாங்க. பெரும்பாலும் குறைஞ்சது பத்து குச்சி வாங்கணும், கோழியும் ஆடும் கலந்து கேளுங்க. புகை வர்ற பக்கம் உக்காராதீங்க, மறுநாள் வரைக்கும் தலைமுடில சாத்தே வாசனைதான்.

லிட்டில் இந்தியா, சுல்தான் மசூதி இருக்குற கம்போங் கிளாம் ரெண்டையும் ஒரே நாள்ல முடிக்கலாம், நடக்குற தூரம்தான். டெக்கா சென்டர்ல பிரியாணியும், வடை மாதிரி பொரிச்ச ஐட்டங்கள வெட்டி கார சாஸோட குடுக்குற இந்தியன் ரோஜாக்கும் இருக்கு. அங்க போயும் இட்லி தோசைதானான்னு கேக்காதீங்க, நம்மாளுங்க அந்த ஊருக்கு போய் புதுசா உண்டாக்கின சாப்பாடே நிறைய இருக்கு. மீன் தலை கறிய எடுத்துக்கோங்க. மீன் தலைய விரும்பி சாப்பிடுற சீனக்காரங்களுக்காக கேரளாவுல இருந்து வந்த கோமஸ்ங்கறவர் 1950 வாக்குல குழம்புல போட்டு குடுத்ததுதான் அது. ரேஸ் கோர்ஸ் ரோட்ல முத்தூஸ் கறி, பனானா லீஃப் அப்போலோ ரெண்டும் இதுக்குன்னே பேர் போன இடம். சின்ன சைஸ் தலையே ரெண்டு பேருக்கு தாராளம். கன்னத்து சதை ரொம்ப மிருதுவா இருக்கும், அது தலைக்கு ரெண்டுதான், ஆளுக்கு ஒண்ணு, சண்ட வேணாம்.

சாயங்காலம் சுல்தான் மசூதி பக்கம் நடந்து போனா நார்த் பிரிட்ஜ் ரோட்ல ஜம் ஜம் இருக்கு, 1908ல ஆரம்பிச்சது. உள்ள கறியும் முட்டையும் வெச்சு மடிச்ச பரோட்டாவான முர்தபா அங்க ஸ்பெஷல், ஆடு, கோழி மட்டுமில்ல, மான் கறி கூட உண்டு. சின்னது ஒண்ணு வாங்கினாலே ரெண்டு பேருக்கு போதும். இன்னும் வயித்துல இடமிருந்தா கோல்டன் மைல் ஃபுட் சென்டர்ல சுப் துலாங் கேளுங்க: செக்கச்செவேல்னு ஒரு குழம்புல ஆட்டு எலும்பு மிதக்கும், ஸ்ட்ரா வெச்சு உள்ள இருக்குற மஜ்ஜைய உறிஞ்சணும். கை, மூஞ்சி, சட்ட எல்லாம் சிவப்பாயிரும். கல்யாணமாகி புதுசுன்னா கொஞ்ச நாள் போகட்டும்னு சொல்லுவேன், இல்ல, இப்பவே பாத்துக்கட்டும்னு நினைச்சா அதுவும் சரிதான்.

மூணாவது பக்கம் காத்தோங். 2024 ஜூன்ல மரின் பரேட் ஸ்டேஷன் திறந்ததுல இருந்து போறது ரொம்ப ஈஸி. லக்சான்னா தேங்காப்பால் குழம்புல போட்ட நூடுல்ஸ், காத்தோங் லக்சால அந்த நூடுல்ஸ துண்டு துண்டா வெட்டி போட்டுருவாங்க, ஸ்பூன் மட்டும்தான், குச்சிக்கு வேலையே இல்ல. ஒரு கிண்ணம், ரெண்டு ஸ்பூன், தேங்காப்பால் குழம்பு கடைசி சொட்டு வரைக்கும். அப்புறம் கூன் செங் ரோட்ல கலர் கலரா இருக்குற பெரனாக்கன் (சீன-மலாய் கலப்பு பண்பாடு) வீடுங்கள பாத்துட்டே நடங்க. ராத்திரிக்கு டகோட்டா ஸ்டேஷன் பக்கத்துல ஓல்ட் ஏர்போர்ட் ரோட் ஃபுட் சென்டர். டூரிஸ்ட் கூட்டம் கம்மி, ஹொக்கியன் மீயும் சார் க்வே தியாவும் இங்க சாப்பிடுங்க. ரெண்டுமே வறுத்த நூடுல்ஸ்தான், ரெண்டுலயும் பன்றி கொழுப்பு இருக்க வாய்ப்பு அதிகம், வேணாங்கறவங்க கேட்டுக்கோங்க.

ஸ்டெப் 7: ஒரே ஒரு ராத்திரி, சில்லி கிராப்

மொத்த ட்ரிப்புல ஒரு தடவ ரெஸ்டாரண்ட்ல உக்காந்து செலவு பண்ணுங்க, அது நண்டுக்காக இருக்கட்டும். இந்த சில்லி கிராப் வந்த கதையே ஒரு புருஷன் பொண்டாட்டி கதைதான். எப்பவும் அவிச்ச நண்டேதானா, வேற மாதிரி செஞ்சு பாரேன்னு வீட்டுக்காரர் கேக்க, சேர் யாம் தியான்ங்கற அம்மா முதல்ல தக்காளி சாஸ் போட்டு, அப்புறம் சில்லி சாஸும் சேத்து வறுத்து பாத்தாங்க. 1956ல காலாங் ஆத்தோரம் தள்ளுவண்டில அத விக்க ஆரம்பிச்சாங்க, அங்கருந்து வளந்ததுதான் இன்னிக்கு ஊரே திங்கிற ஐட்டம்.

ரெண்டு பேருக்கு ஒரு கிலோ பக்கம் ஒரு நண்டு போதும். விலை மெனுல இருக்காது, அன்னிக்கு விலைன்னு போட்டிருக்கும், கிலோ நூறு டாலர ஒட்டி வரும், சில இடத்துல தாண்டும். கூச்சப்படாம "இந்த நண்டு எவ்வளவு எடை, மொத்தம் எவ்வளவு ஆகும்"னு வறுக்கப் போடுறதுக்கு முன்னாடியே கேளுங்க. 2009ல நியூட்டன் ஃபுட் சென்டர்ல எட்டு இறாலுக்கு 239 டாலர் பில் போட்டு பெரிய செய்தியே ஆச்சு, அதனால எடை போட்டு விக்கிற எதுக்கும் இந்த கேள்வி அவசியம்.

மெனு விலைக்கு பக்கத்துல ரெண்டு ப்ளஸ் குறி இருந்தா சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதமும் ஜிஎஸ்டி 9 சதவீதமும் மேல வரும்னு அர்த்தம். டேபிள்ல வந்து உக்காந்த வேர்க்கடலைக்கும் ஈர டவலுக்கும் கூட பில் வரும். கடலை வேணாம்னா எடுத்துட்டு போக சொல்லலாம், தப்பா நினைக்க மாட்டாங்க. டவல மட்டும் வெச்சுக்கோங்க, கண்டிப்பா தேவைப்படும். பொரிச்ச மான்டோ பன் ஒரு செட் சொல்லுங்க, அந்த குழம்ப துடைச்சு சாப்பிட அத விட்டா ஆளில்ல. வெள்ளை சட்ட போட்டுட்டு போகாதீங்க.

ஸ்டெப் 8: ஒருத்தர் சைவம், ஒருத்தர் அசைவம்னா

நம்மள்ல நிறைய ஜோடி இப்படித்தான், அதனால இத தனியாவே சொல்லணும். பேரையும் பாக்குற பார்வையையும் நம்பாதீங்க. கேரட் கேக்ல கேரட்டே கிடையாது, அரிசி மாவும் முள்ளங்கியும் சேத்து செஞ்சது, முட்டை போட்டு வறுப்பாங்க, காஞ்ச இறாலும் இருக்கலாம். சீன ரோஜாக் பாக்க பழ சாலட் மாதிரி இருக்கும், அந்த கருப்பு சாஸ் இறால் விழுது. லக்சா குழம்புல காஞ்ச இறால், சம்பல்ல பெலாச்சான், கீரை பொரியல்ல சிப்பி சாஸ். பரோட்டா மாதிரி இருக்குற பிராட்டா பரவால்ல, ஆனா கூட வர்ற குழம்பு பெரும்பாலும் மீனோ ஆடோ, பருப்பு குழம்பு கேட்டு வாங்குங்க. அதையும் தமிழ்லயே கேக்கலாம், பல பிராட்டா கடைல நம்மாளுங்கதான்.

சைவத்துக்கு என்ன வழின்னா, நிறைய ஹாக்கர் சென்டர்ல ஒரு பௌத்த சைவ கடை இருக்கும். காலைல வறுத்த சேமியாவும் சோயாவுல செஞ்ச போலி கறியும் மூணு நாலு டாலர்ல கிடைக்கும். வெங்காயம் பூண்டு கூட போட மாட்டாங்க. மிடில் ரோட்ல ஃபார்ச்சூன் சென்டர்னு ஒரு பழைய கட்டிடம், உள்ள போனா சைவ கடைங்க வரிசையா இருக்கும். செராங்கூன் ரோட்ல கோமளவிலாஸ் 1947ல இருந்து இருக்கு. இதோட சென்டோல், ஐஸ் கச்சாங் மாதிரி ஐஸ் போட்ட இனிப்புங்க, கரும்பு ஜூஸ் எல்லாம் ரெண்டு பேருக்கும் பொது.

அசைவம் சாப்பிடுறவர் ஒரு விஷயம் கவனிக்கணும். சைவம் சாப்பிடுறவருக்கு முதல்ல தட்டு வரட்டும், அப்புறம் உங்க லைன்ல போய் நில்லுங்க. "நீ பாத்து எதாவது வாங்கிக்கோ"ன்னு விட்டுட்டு போனா அவங்க மூணு நாளும் டோஸ்ட்டும் பழமுமாதான் ஓட்டுவாங்க, ஊருக்கு வந்ததும் அந்த கணக்கு தீரும்.

ஸ்டெப் 9: கெட்டுப் போகாம இருக்க சில சில்லற விஷயங்க

ஹாக்கர் கடைங்களுக்கு வாராந்திர லீவ் ஆளுக்கு ஒரு நாள், திங்கள்கிழமை நிறைய கடை மூடியிருக்கும். ஆபீஸ் ஏரியால இருக்குற அமோய் ஸ்ட்ரீட் மாதிரி இடங்க சனி ஞாயிறு பாதி தூங்கும். இது போக சுத்தம் பண்றதுக்குன்னு மொத்த சென்டரையும் அப்பப்ப மூடுவாங்க, அந்த தேதி எல்லாம் என்இஏங்கற தேசிய சுற்றுச்சூழல் அமைப்போட வெப்சைட்ல முன்னாடியே போட்டிருப்பாங்க, கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாருங்க. நல்ல கடைங்க மதியம் ரெண்டு, மூணு மணிக்கே சரக்கு தீந்து மூடிரும், ராத்திரி பாத்துக்கலாம்னு தள்ளிப் போடாதீங்க.

பெரிய துரியன் சீசன் ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும். கேலாங் பக்கம் ரோட்டோர கடைல உக்காந்து அங்கயே சாப்பிட்டு கை கழுவிட்டு வாங்க. எடை போடறது ஓட்டோட சேத்து, அதனால இங்கயும் மொத்த விலைய முன்னாடியே கேளுங்க. எம்ஆர்டில துரியன் கொண்டு போகக் கூடாது, ஹோட்டலும் விடாது. ஒருத்தருக்கு அந்த வாசனையே ஆகலன்னா வற்புறுத்தாதீங்க, பக்கத்துலயே ரம்புத்தானும் மங்குஸ்தானும் விப்பாங்க.

கடைசி நாள் காலைல காயா பாட்டில் வாங்குறதா இருந்தா செக் இன் லக்கேஜ்லதான் போடணும். 100 மில்லிக்கு மேல இருந்தா கைப்பைல விட மாட்டாங்க, செக்யூரிட்டில எடுத்து வெச்சிருவாங்க. பாட்டில ரெண்டு கவர்ல சுத்தி துணிக்கு நடுவுல வைங்க, ஃப்ரிட்ஜ்ல வைக்கணுமா, எத்தன நாள் தாங்கும்னு லேபிள்ல போட்டிருக்குற தேதிய பாத்து வாங்குங்க, கடைல கிண்டி டப்பால அடைச்சு குடுக்குறது சீக்கிரம் கெட்டுரும்.